ஈய முத்திரை

அந்த இடத்துக்கு நான் இரண்டாவது முறையாகப் போனது ஒரு புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு. அலுவலக ஜீப்பை நானே ஓட்டிக்கொண்டு போனேன்.

சுலபமான வேலை. பதினோரு மாதங்களுக்கு முன்பு நான் வைத்த முத்திரைகளை நானே உடைக்க வேண்டும். நான்கு ஷெட்டுகள். உள்ளே இருப்பதைப் பட்டியல் போட வேண்டும். இடத்தைச் சொந்தக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஆகும் என்று நினைத்தேன்.

நான் அரசு கால்நடை மருத்துவர். சர்க்கஸில் காட்டு விலங்குகளை வைத்து வித்தை காட்டக் கூடாது என்று சட்டம் வந்தபோது, எங்கள் பகுதியில் இருந்த ஒரே சர்க்கஸிலிருந்து விலங்குகளை மீட்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மீட்டேன். ஐந்து சிங்கங்கள், இரண்டு கரடிகள், ஒரு நீர்யானை. செய்தித்தாளில் என் படம் வந்தது. படத்தில் எனக்குப் பின்னால், பாதி மறைந்து, என் மனைவி நிற்கிறாள். அதுதான் அவளுடைய கடைசிப் படம். இரண்டு நாள் கழித்து ஒரு லாரி அவளை அடித்துவிட்டது.

இதை முதலிலேயே சொல்லிவிட்டால் நல்லது.

ஆட்டம் இல்லாத மாதங்களில் சர்க்கஸ்காரர்கள் தங்கும் இடம் அது. நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் மண்பாதையின் கடைசியில் இருந்தது. சுற்றிலும் ஆளுயர மதில். உள்ளே வரிசையாக நான்கு ஷெட்டுகள், செங்கல் சுவரும் தகரக் கூரையுமாக. ஒவ்வொன்றுக்கும் இரும்பு ஷட்டர். களை இடுப்பு வரை வளர்ந்திருந்தது.

வாசலில் மாஸ்டர் காத்திருந்தார். முப்பது வருடம் அந்த சர்க்கஸில் சிங்கங்களைப் பழக்கியவர். வலது கையில் இரண்டு விரல்கள் கிடையாது. நட்சத்திரம் வரைந்த ஒரு மர உருளையின் மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்க டாக்டர் சார். உக்காருங்கன்னு சொல்லலாம்னா இருக்கிறது இது ஒண்ணுதான். இதுவும் சிங்கம் உக்கார்ந்த நாற்காலி."

"பரவாயில்ல. இப்ப என்ன பண்றீங்க?"

"ஒரு பள்ளிக்கூடத்துல வாட்ச்மேன். சிங்கத்தை அடக்கினவன் சார் நான். மூணாங்கிளாஸ் பசங்க என்னை உருட்டி விளையாடுதுங்க."

அவர் வாய் மட்டும் சிரித்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னைக்கு உங்க வீட்டுக்கு வந்தேன் சார். உங்களுக்கு ஞாபகம் இருக்காது" என்றார்.

"யார் யாரோ வந்தாங்க."

"ஆமா சார். கூட்டம்."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். நான் சாவிக்கொத்தை எடுத்தேன். அந்த நாளைப் பற்றி யாரிடமும் பேசும் பழக்கம் எனக்கு இல்லை.

முதல் ஷெட்டில் வளையங்களும் மர உருளைகளும். இரண்டாவதில் கம்பிச் சட்டங்கள், சிங்கங்கள் வட்டத்துக்குள் வரும் நீண்ட கம்பிப் பாதையின் துண்டுகள். மூன்றாவது காலி. ஒவ்வொரு ஷட்டரிலும் என் முத்திரை அப்படியே இருந்தது. முறுக்கிய கம்பி, அதன் முனையில் பட்டாணி அளவு ஈய வில்லை, வில்லையில் இடுக்கியால் அழுத்திய என் எண். இருபத்தேழு.

நான்காவது ஷெட்டின் முன்னால் வந்து நின்றபோது மணி மூன்றரை. நல்ல வெயில்.

அந்த ஷட்டரைப் பார்த்ததும் அவள் அங்கே நின்றது கண்முன் வந்தது.

முத்திரை வைத்தது ஒரு சனிக்கிழமை. அவளுக்குப் பள்ளி விடுமுறை. அறிவியல் ஆசிரியை. இந்தச் சட்டம் வர வேண்டும் என்று வகுப்புப் பிள்ளைகளோடு தெருத்தெருவாகப் போய்க் கையெழுத்து வாங்கி அனுப்பியவள். "நான் வாங்கினது ஆயிரத்து இருநூறு கையெழுத்து. நீங்க போடப் போறது ஒண்ணே ஒண்ணு. ஆனா பேப்பர்ல யார் படம் வரும்னு பாருங்க டாக்டரே" என்று ஜீப்பில் வரும்போது கேலி செய்தாள்.

விலங்குகளை லாரிகளில் ஏற்றி முடிக்க மாலை ஆறு மணி ஆகிவிட்டது. ஒவ்வொரு ஷெட்டையும் திறந்து, கண்ணால் பார்த்து, பட்டியல் எழுதி, பிறகுதான் முத்திரை வைக்க வேண்டும். அது விதி. மூன்றைத் திறந்து பார்த்தேன். நான்காவதன் சாவி இல்லை.

"மேனேஜர் எடுத்துட்டுக் கிளம்பிட்டாரு சார்" என்றார் மாஸ்டர். "உள்ள கூடாரத் துணி, மூங்கில், கயிறு. வேற ஒண்ணும் இல்ல."

துணி, மூங்கில், கயிறு என்று எழுதினேன். அவர்கள் பூட்டின் மேல் என் பூட்டைப் போட்டேன். கம்பியை முறுக்கினேன். இடுக்கியால் அழுத்தினேன்.

அவள் ஷட்டரில் காதை வைத்திருந்தாள். மோதிரத்தால் இரண்டு தட்டுத் தட்டினாள். எங்கே நுழைந்தாலும் அப்படித் தட்டுவது அவள் வழக்கம். எங்கள் படுக்கையறைக் கதவைக்கூட.

"உள்ள ஏதோ இருக்குங்க."

"எலி இருக்கும்."

"எலி பெருமூச்சு விடுமா?"

"பெருச்சாளி விடும்" என்றேன்.

லாரி ஓட்டுநர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் முழுக்க அதே பேச்சு. "சாவியைக் குடுங்க. நான் போய் ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேன்."

"அது அரசாங்க முத்திரை. உன் ஸ்கூல் பீரோ இல்ல."

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. எனக்கும் அது வசதியாக இருந்தது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் எனக்குப் பாராட்டுக் கூட்டம். கைபேசியை ஒலியில்லாமல் வைத்திருந்தேன். அவளிடமிருந்து மூன்று அழைப்புகள் வந்திருந்தன. நான்கு பத்துக்கு, நான்கு பன்னிரண்டுக்கு, நான்கு பத்தொன்பதுக்கு. கைதட்டல் முடிந்ததும் கூப்பிடலாம் என்று நினைத்தேன். நான் கூப்பிட்டபோது ஒரு போலீஸ்காரர் எடுத்தார்.

பையைக் கொடுத்தார்கள். உள்ளே பரீட்சைத் தாள்கள், ஒரு நீல மூடி. அவள் தினமும் எடுத்துப்போகும் எஃகுத் தண்ணீர் பாட்டிலின் மூடி. பாட்டில் இல்லை. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. ஸ்கூட்டர் ஊரைப் பார்த்து விழுந்து கிடந்தது, எங்கிருந்தோ திரும்பி வந்துகொண்டிருந்திருக்கிறார் என்று போலீஸ்காரர் சொன்னார். எங்கிருந்து என்றும் நான் கேட்கவில்லை.

இரண்டு வாரம் நான் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. இந்தச் சாவிக்கொத்து கதவுக்குப் பின்னால் தொங்கிய கால்சட்டையின் பையில் இருந்தது.

"சார்" என்றார் மாஸ்டர்.

அவர் முகம் மாறியிருந்தது. ஷட்டரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"கேக்குதா?"

கேட்டது.

உள்ளே யாரோ நடந்தார்கள். செருப்பில்லாத, மெத்தென்ற காலடி. ஐந்து காலடி. பிறகு சுவரில் ஏதோ உரசும் சத்தம், கம்பளியைச் சுவரில் தேய்த்தால் வருவது போல. மறுபடி ஐந்து காலடி. உரசல்.

கூண்டில் அடைபட்ட சிங்கங்கள் அப்படித்தான் நடக்கும். கல்லூரியில் படித்திருக்கிறேன். கூண்டின் நீளம் எவ்வளவோ அவ்வளவு நடை, ஒரு திருப்பம், மறுபடி அதே நடை. கூண்டிலிருந்து வெளியே விட்ட பிறகும் சிலது அதே கணக்கில்தான் நடக்கும்.

ஐந்து. உரசல்.

ஐந்து.

முத்திரையைப் பார்த்தேன். கம்பி முறுக்கு அவிழவில்லை. வில்லையில் இருபத்தேழு.

"அத்தையோட நடை சார்" என்றார் மாஸ்டர். "ஐஞ்சுதான் நடக்கும். முட்டி வலி."

அத்தை யார் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அத்தை, அந்த சர்க்கஸிலேயே வயதான பெண் சிங்கம். எல்லோரையும் பார்த்து உறுமும், யார் என்ன செய்தாலும் அதற்குப் பிடிக்காது, அதனால் அந்தப் பெயர். வலது காதில் ஒரு வெட்டு. சட்டம் வருவதற்கு ஒரு வருடம் முன்பு, வழியில் எங்கோ இறந்துவிட்டது, புதைத்துவிட்டோம் என்று ஒரு தாளும் ஒரு புகைப்படமும் கொண்டுவந்தார்கள். புகைப்படத்தில் அது நாக்கை வெளியே போட்டுப் படுத்திருந்தது. உடலைப் பார்க்காமல் மரணச் சான்றிதழ் தரக் கூடாது. போய்ப் பார்க்க ஒரு முழு நாள் ஆகும். எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். சாயங்காலம் சினிமாவுக்குப் போவதாக இருந்தோம். கையெழுத்துப் போட்டேன்.

அதனால்தான் மீட்புப் பட்டியலில் ஐந்து சிங்கங்கள் மட்டும் இருந்தன. ஐந்தும் சரியாக இருந்தன.

பூட்டுகளைத் திறந்தேன். மேனேஜரின் சாவி மாஸ்டரிடம் இருந்தது. கம்பியை வெட்டினேன்.

காலடி நின்றது.

ஷட்டரை இருவரும் சேர்ந்து தூக்கினோம்.

முதலில் வாடை. அழுகல் வாடை இல்லை, அதெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. பழைய தோல், காய்ந்த மூத்திரம், துரு. வெயில் உள்ளே விழுந்தது. தூசி மிதந்தது. துணி இல்லை, மூங்கில் இல்லை, கயிறு இல்லை.

அது ஷட்டருக்குப் பின்னாலேயே கிடந்தது. எலும்பின் மேல் இறுகி உலர்ந்த தோல். மூக்கு, ஷட்டருக்கும் தரைக்கும் நடுவில் இருந்த இரண்டு விரல் இடுக்கைப் பார்த்து இருந்தது. வலது காது மட்டும் எப்படியோ அப்படியே இருந்தது. வெட்டோடு.

ஷட்டரின் உள்பக்கம் இடுப்பு உயரம் வரை பெயின்ட் இல்லை. கீறிக் கீறி வெறும் இரும்பு தெரிந்தது.

தரையெங்கும் பதினோரு மாதத் தூசி, விரல் கனம். சுவரை ஒட்டி ஒரு பாதையில் மட்டும் தூசி இல்லை. ஐந்து காலடி நீளம். தினமும் துடைத்தது போல அங்கே சிமென்ட் பளபளத்தது.

மாஸ்டர் வெளியே போய்க் களைக்குள் வாந்தி எடுத்தார். அவர் குனிந்த இடத்தில், ஷட்டர் ஓரமாக, ஏதோ மின்னியது. அவர்தான் எடுத்தார்.

எஃகு பாட்டில். ஒரு பக்கம் நசுங்கல். மேலே அவள் வகுப்புப் பிள்ளைகள் யாரோ ஒட்டிய வெள்ளி நட்சத்திரம், பாதி உரிந்திருந்தது.

மூடி இல்லை.

நான் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் இங்கே வந்திருக்கிறாள். ஷட்டரில் தட்டியிருக்கிறாள். உள்ளே இருப்பது என்ன என்று தெரிந்துகொண்டிருக்கிறாள். பாட்டிலில் இருந்த தண்ணீரை இடுக்கு வழியாக ஊற்றியிருக்கிறாள். என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். மறுபடி கூப்பிட்டிருக்கிறாள். பிறகு என்னிடம் நேரில் சொல்ல ஸ்கூட்டரை எடுத்திருக்கிறாள், ஊரைப் பார்த்து.

"மேனேஜர்தான் சார் ஒளிச்சு வெச்சாரு" என்றார் மாஸ்டர். அவர் என் அருகில் வரவில்லை. "பெரிய மனுஷங்க வீட்டு விசேஷத்துல காட்டலாம், பேப்பர்ல செத்ததை யாரு தேடப் போறாங்கன்னாரு. நீங்க சீல் வெப்பீங்கன்னு எதிர்பார்க்கல. கேட்டதுக்கு, அன்னைக்கே பின்பக்கமா எடுத்துட்டேன்னாரு. நம்பிட்டேன். நம்பினா நிம்மதி, அதனால நம்பிட்டேன். செவ்வாய்க்கிழமை இந்தப் பக்கமா வந்தேன். கேட்டுச்சு."

"கேட்டும்?"

"நேரா உங்க வீட்டுக்குத்தான் சார் வந்தேன். உள்ள அம்மா படுத்திருந்தாங்க. நீங்க கால்மாட்டுல உக்காந்திருந்தீங்க. சாவு வீட்டுல வந்து சிங்கத்தைப் பத்தி எப்படி சார் பேசறது?"

அவர் தன் மூன்று விரல் கையைப் பார்த்துக்கொண்டார்.

"ஒரு சுத்தியல் போதும் சார், பூட்டை உடைக்க. இருபது வருஷம் என் கையால தின்ன ஜீவன். சீலை உடைச்சா ஜெயில்னு பயந்துட்டேன். திரும்பி வரவேயில்ல. வந்தா கேக்கணுமே."

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. அவர்தான் முதலில் எழுந்தார். முதல் ஷெட்டிலிருந்து ஒரு மண்வெட்டி எடுத்துவந்தார்.

"டாக்டர் சார். காலின்னு எழுதிடுங்க. அது பேப்பர்ல செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகாது. உங்களுக்கும் ஆகாது."

மதிலுக்கு வெளியே புதைத்தோம். தூக்கியபோது அது கனமாகவே இல்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்து பாட்டிலைச் சமையலறை மேடையில் வைத்தேன். மூடி எங்கே என்று தெரியும், சாமான் அறையில் அவள் பைக்குள். எடுக்கவில்லை. அவள் இருந்த காலத்தில் இந்த வீட்டுத் தரையில் எப்போதும் ஈரத் தடம் இருக்கும். குளித்துவிட்டுக் காலைத் துடைக்காமல் நடப்பாள். சின்ன வயதில் ஒடிந்த இடது சுண்டு விரல் மேலே தூக்கிக்கொண்டிருக்கும், தரையில் படாது. வலது தடத்தில் ஐந்து விரல், இடது தடத்தில் நான்கு. "வழுக்கி விழப் போறேன் ஒரு நாள்" என்று திட்டுவேன். இப்போது தரை காய்ந்து கிடக்கிறது. நான் ஒரு நாளும் வழுக்கி விழவில்லை.

வியாழக்கிழமை அறிக்கை எழுதினேன். நான்காம் ஷெட்: காலி. கீழே கையெழுத்து.

கையெழுத்துப் போட்டு முடித்தபோது, அலுவலகத் தாழ்வாரத்தில் ஏதோ சுவரை உரசிக்கொண்டு போனது. எட்டிப் பார்த்தேன். யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, மூடியை எடுக்கலாம் என்று சாமான் அறைக்குள் போனேன். ஜன்னல் இல்லாத சின்ன அறை, மேலே ஒரு காற்றுத் துளை. அவள் பை பரணில் இருந்தது. கையை நீட்டினேன்.

கதவு சாத்திக்கொண்டது.

காற்று என்று நினைத்தேன்.

வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

நான் தனியாக வாழ்கிறேன். அந்தத் தாழ்ப்பாளைப் போட அந்த வீட்டில் யாரும் இல்லை.

தள்ளினேன். தோளால் இடித்தேன். கத்தினேன். மேல் வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. கைபேசி கூடத்தில் கிடந்தது. அறையில் உலை போலப் புழுக்கம். ஒரு மணிக்கு என் சட்டை முழுக்க நனைந்திருந்தது. இரண்டு மணிக்கு வியர்வை நின்றுவிட்டது. அது நல்ல அறிகுறி இல்லை என்று எனக்குத் தெரியும், விலங்குகளுக்கும் அப்படித்தான்.

வெளியே நடை ஆரம்பித்தது.

ஐந்து. உரசல்.

ஐந்து. உரசல்.

உறுமவில்லை. கதவைக் கீறவில்லை. சும்மா நடந்தது. நான் கதவில் காதை வைத்தேன். கதவின் அந்தப் பக்கம், என் காதுக்கு நேராக, ஒரு பெருமூச்சு கேட்டது.

மூன்று மணிக்கு நானும் நடந்துகொண்டிருப்பதைக் கவனித்தேன். அந்த அறையில் நான்கு அடிதான் வைக்க முடியும்.

பிறகு அது நின்றது. நானும் நின்றேன்.

கதவில் இரண்டு தட்டு.

மரத்தின் மேல் மோதிரம்.

என் கையில் கடிகாரம் இருந்தது. நான்கு பத்து.

கதவின் அடியிலிருந்து தண்ணீர் வந்தது. ஒரு விரல் அகலக் கோடு. தரையின் சரிவில் மெதுவாக ஓடி என் பாதத்தைத் தொட்டது. குளிர்ந்திருந்தது. நான் மண்டியிட்டேன். கையால் அள்ள முடியவில்லை, அவ்வளவு கொஞ்சம். குனிந்து நக்கினேன்.

தூசியும் எஃகும் கலந்த சுவை.

நான்கு பன்னிரண்டுக்கு மறுபடி வந்தது. நான்கு பத்தொன்பதுக்கு மறுபடி. அதுதான் கடைசி என்று எனக்குத் தெரியும்.

"நான்தான். உள்ள நான்தான் இருக்கேன்" என்றேன். அவள் பெயரைச் சொன்னேன். பதினோரு மாதமாக நான் அதைச் சொன்னதில்லை.

வெளியே வேகமான, சிறிய காலடிகள் விலகிப் போயின. வாசலில் ஒரு ஸ்கூட்டர் கிளம்பியது. அந்தச் சத்தத்தை நான் எங்கே கேட்டாலும் அடையாளம் கண்டுபிடிப்பேன். அவள் யாரிடமோ சொல்லப் போகிறாள். உள்ளே ஒரு ஜீவன் இருக்கிறது என்று சொல்லப் போகிறாள்.

யாரும் வர மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரிந்தது.

அந்த இரவைப் பற்றி எழுத மாட்டேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு அலுவலக அட்டெண்டர் அண்ணன் தேடிக்கொண்டு வந்தார். வாசல் கதவு திறந்தே இருந்ததாம். என் குரல் கேட்டு ஓடிவந்தார். ஆனால் தாழ்ப்பாளைத் திறக்க வெகுநேரம் எடுத்துக்கொண்டார். வெளியே அவர் தனக்குள் முணுமுணுப்பது கேட்டது. கதவு திறந்தபோது அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"சார், உள்ள இருந்துக்கிட்டே வெளிய எப்படி சார் சீல் வெச்சீங்க?"

அவர் உள்ளங்கையில் அறுத்த கம்பி. அதன் முனையில் ஈய வில்லை.

"நான் வைக்கல அண்ணே."

"நம்பர் உங்களுதுதான். ஆனா இடுக்கி நம்ம ஆபீஸ் பீரோவுல இருக்கு. பீரோ சாவி இதோ, என் இடுப்புல." அவர் என் உதடுகளைப் பார்த்தார். "தண்ணி கொண்டு வரட்டுமா சார்?"

"குடிச்சேன்" என்றேன்.

அவர் மறுநாளே வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு எழுதிக்கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அன்று மாலையே இரண்டாவது அறிக்கை எழுதினேன். பார்க்காமல் கொடுத்த சான்றிதழ், திறக்காமல் பூட்டிய ஷெட், காலி என்று எழுதிய பொய், எல்லாவற்றையும். மேனேஜரைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். மாஸ்டர் தானாகவே போய் வாக்குமூலம் கொடுத்தார். மதிலுக்கு வெளியே தோண்டி எடுத்தபோது நான் கூட நின்றேன். அத்தைக்கு இரண்டாவது மரணச் சான்றிதழ் எழுதினேன். இந்த முறை பார்த்து எழுதினேன். அதுதான் மருத்துவராக நான் போட்ட கடைசிக் கையெழுத்து. என்னைப் பணியிடை நீக்கம் செய்திருக்கிறார்கள். குறைவான தண்டனை என்று நினைக்கிறேன்.

சொல்லிவிட்டால் ஓய்ந்துவிடும் என்று எதிர்பார்த்தேன்.

ஓயவில்லை. மாலையில் கூடத்தில் ஐந்து காலடி கேட்கும். அதன் குறுக்கே நான் போவதில்லை. வீட்டில் எந்தக் கதவையும் தாழ் போடுவதில்லை. படுக்கப் போகும் முன் ஒரு பெரிய அலுமினியச் சட்டியில் தண்ணீர் நிரப்பி வாசல் ஓரமாக வைப்பேன். காலையில் சட்டி காய்ந்திருக்கும். அது பரவாயில்லை. அதற்குப் பழகிவிட்டேன்.

நேற்று வைக்க மறந்துவிட்டேன். விசாரணைக்குப் போய்விட்டு வந்த களைப்பு.

இன்று காலை எழுந்தபோது படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. நான் சாத்தவில்லை. சட்டி என் கட்டிலின் அருகில், தரையில், என் பக்கமாக இருந்தது.

விளிம்பு வரை தண்ணீர்.

அதைச் சுற்றிலும் ஈரத் தடங்கள். பெரிய, வட்டமான பாதங்கள். அவற்றை ஒட்டி, சின்னதாக இரண்டு மனிதப் பாதங்கள், சட்டியைக் கீழே வைக்கக் குனிந்து நின்றது போல. வலது தடத்தில் ஐந்து விரல். இடது தடத்தில் நான்கு.

கதவை நான் இன்னும் தள்ளிப் பார்க்கவில்லை.